கவுன்சிலர் தேர்தலில் நிற்க நினைப்பவர்கள் முதலில் வாக்காளர் பட்டியலை வாங்குங்கள்

2022 பிப்ரவரியில் நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தலில், எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா சுயேச்சையாக நின்றார். எனக்கு அச்சகத் தொழில். அவருக்குத் துண்டறிக்கை அடித்தேன், வாக்காளர் பட்டியலை உட்கார்ந்து பார்த்தேன், வாக்குப்பதிவு அன்று பூத் ஏஜென்டாக இருந்தேன், ஓட்டு எண்ணும் இடத்துக்கும் போனேன். தோற்றுவிட்டோம். இப்போது இருக்கும் மாமன்றத்தின் ஐந்து வருடம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த முறை நிற்கலாமா என்று தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் கடைக்கு வந்து கேட்டார்கள். அவர்களிடம் வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வார்டு கூவத்தை ஒட்டிய பழைய பகுதி. எண்ணைச் சொல்லவில்லை, சொன்னால் ஆட்களைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் இங்கிருந்து நடந்தே போய்விடலாம். கீழே கடை, மேலே குடித்தனம், ஒரே கதவு எண்ணுக்குள் எட்டு ஒன்பது குடும்பம், குறுகிய மாடிப்படி, படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர்க் குடம். காலை பத்து மணிக்கு மேல் தெருவில் நடக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கே ஓட்டு கிடையாது, ஆவடியிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ கடைக்கு வந்தவர்கள். இங்கே ஓட்டு இருக்கிறவர்களில் நிறையப் பேர் இப்போது இங்கே குடியில்லை. நகரத்தின் நடுவில் இருக்கிற வார்டில் தேர்தல் வேலை பார்க்க வேண்டுமானால் இது முதலில் புரிய வேண்டும். எங்களுக்கு அது புரிந்தது வேட்புமனு போட்ட பிறகுதான்.

அக்கா ஏன் நின்றார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் அதற்கு முந்தைய மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2011 அக்டோபரில். அந்த மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே அடுத்த தேர்தல் நடத்தத் தேதி குறித்து மனுவும் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள், அதற்குள் உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகு 2022 மார்ச் வரைக்கும், ஐந்து வருடத்துக்கு மேல், 200 வார்டில் ஒரு வார்டுக்கும் கவுன்சிலர் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் 1913-க்கு போன் போடலாம், புகார் எண் வரும். ஆனால் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க ஒரு ஆள் இல்லை. அந்த வருடங்களில் எங்கள் தெருக்காரர்கள் போய் நின்றது அக்கா கடை வாசலில்தான். முதியோர் பென்ஷன் நின்றுபோனது, பிறப்புச் சான்றிதழில் பெயர் தப்பாக இருக்கிறது, குப்பை எடுக்க ஆள் வரவில்லை, எல்லாம் அங்கேதான். அவர் மனு எழுத என் கடைக்கு அனுப்புவார். ஒரு நோட்டு வைத்திருப்பார், யார் வந்தார், எந்தத் தேதியில், எங்கே மனு கொடுத்தோம், என்ன ஆயிற்று என்று கோடு போட்டு எழுதியிருப்பார். தேர்தல் அறிவித்ததும் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு நான்தான் "நீங்களே நில்லுங்க அக்கா" என்றேன். இரண்டு நாள் யோசித்தார். "சரி தம்பி, ஆனா கடையை மூட மாட்டேன்" என்றார். பத்து நாளும் காலை ஏழரைக்குக் கடையை முடித்துவிட்டுத்தான் ஓட்டுக் கேட்க வந்தார்.

நாள் கணக்கை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்தது ஜனவரி 26. மனுத்தாக்கல் ஜனவரி 28-லிருந்து பிப்ரவரி 4 வரை, 5-ஆம் தேதி பரிசீலனை, 7-ஆம் தேதி வாபஸ் வாங்கக் கடைசி நாள், 19-ஆம் தேதி வாக்குப்பதிவு. ஆக மொத்தம் இருபத்து நான்கு நாள். பெரிய கட்சிக்காரர்களுக்குச் சின்னம் முன்னாலேயே ஊரறிந்தது. சுயேச்சைக்கு 7-ஆம் தேதி இறுதிப் பட்டியல் வந்த பிறகுதான் சின்னம். 17-ஆம் தேதி மாலை ஆறு மணிக்குப் பிரசாரம் முடிந்தாக வேண்டும். அதாவது உங்கள் சின்னம் என்ன என்று முப்பதாயிரம் பேருக்குச் சொல்லப் பத்து நாள். (அந்தத் தேர்தலில் சென்னையில் சுமார் 61 லட்சம் வாக்காளர், 200 வார்டு, 5,794 வாக்குச்சாவடி. ஒரு வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரம் ஓட்டு, இருபத்தொன்பது பூத்.) அப்போது கொரோனா மூன்றாம் அலை ஓய்ந்துகொண்டிருந்த நேரம், பெரிய கட்சிகளுக்கும் ஊர்வலம் கிடையாது. அது எங்களுக்கு ஒரு வகையில் நல்லதாகவே அமைந்தது.

சின்னம் கேட்கும்போது வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து யோசியுங்கள். இயந்திரத்தில் அது கறுப்பு வெள்ளையில், தீப்பெட்டிப் படம் அளவுக்குத்தான் இருக்கும். பார்த்ததும் ஒரே வார்த்தையில் பெயர் சொல்ல வர வேண்டும். நாங்கள் முதலில் கேட்டதை இன்னொருவரும் கேட்டிருந்தார், சீட்டுக் குலுக்கியதில் அவருக்குப் போய்விட்டது, எங்களுக்குப் பூட்டு சாவி வந்தது. அச்சுத் தொழிலில் இருப்பதால் ஒரு வேலை செய்தேன். அக்காவின் படம், பெயர், வார்டில் செய்ய நினைத்த வேலைகள் எல்லாவற்றையும் முன்னாலேயே அடித்து அடுக்கி, சின்னத்துக்கு மட்டும் கட்டம் விட்டு வைத்திருந்தேன். 7-ஆம் தேதி ராத்திரி அந்தக் கட்டத்தில் கறுப்பு மையில் பூட்டு சாவியை மட்டும் அடித்தோம். காலையில் முதல் கட்டு தெருவுக்குப் போய்விட்டது. சின்னம் வந்த பிறகு அச்சகம் தேடி அலைந்த இன்னொரு சுயேச்சைக்கு மூன்று நாள் போயிற்று. ஒன்று மறக்கக் கூடாது: தேர்தல் துண்டறிக்கையின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர், முகவரி, எத்தனை பிரதி என்பது இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மனு போடுவதில் பயப்பட ஒன்றுமில்லை. வயது 21 ஆகியிருக்க வேண்டும், மாநகராட்சிக்குள் ஏதாவது ஒரு வார்டில் உங்களுக்கு ஓட்டு இருந்தால் போதும், ஆனால் முன்மொழிபவர் நீங்கள் நிற்கிற வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2,000. சொத்து, கடன், வழக்கு விவரத்தோடு பிரமாணப் பத்திரம் வேண்டும். மாநகராட்சிக்கு வரி பாக்கி இருந்தால் முதல் வேலையாகக் கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பரிசீலனை மேசையில் எதிராளி எதை எடுத்துப் போடுவார் என்று சொல்ல முடியாது. செலவுக்கு வரம்பு இருக்கிறது, அந்த முறை சென்னை வார்டுக்கு 90,000 ரூபாய். டீச் செலவு வரை எழுதி வையுங்கள். முடிவு வந்து முப்பது நாளுக்குள் கணக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த தேர்தலில் நிற்க முடியாமல் போகலாம். தோற்றவர்கள் நிறையப் பேர் சோர்ந்துபோய் இதை விட்டுவிடுகிறார்கள்.

இனி பட்டியல். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

மண்டல அலுவலகத்தில் பணம் கட்டி வார்டு பட்டியலை வாங்கி வந்தோம், ஆனால் பிரித்துப் பார்த்தது பரிசீலனை முடிந்த அன்று ராத்திரிதான். உள்ளாட்சித் தேர்தலுக்கென்று தனியாக வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். அதில் இருக்கிற தப்பு அப்படியே இங்கே வந்துவிடும். பக்கத்துக்கு முப்பது கட்டம், மூன்று வரிசையாகப் பத்துப் பத்து. ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண், அடையாள அட்டை எண், பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது. காகிதம் வெட்டும் மேசையில் விரித்துப் போட்டு அக்காவும் நானும் எங்கள் தெருப் பாகத்திலிருந்து (ஒரு பூத்துக்கு உரிய பட்டியல் பகுதிதான் பாகம்) ஆரம்பித்தோம். நான் பெயரைப் படிப்பேன், அக்கா சொல்வார், பென்சிலில் குறிப்பேன். இருக்கிறவருக்கு டிக், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு, வீடு மாறியவருக்கு வட்டம், தெரியாதவருக்குக் கேள்விக்குறி. அக்காவுக்கு முக்கால்வாசிப் பேரை இட்லிக் கணக்கில்தான் தெரியும். "அது நாலு இட்லி, சாம்பார் தனியா வாங்குற பொண்ணு, கல்யாணம் ஆகி அம்பத்தூர் போயிடுச்சு, வட்டம் போடு." "அவரு போன வருஷம் கொரோனாவுல போயிட்டாரு." முதல் பக்கம் முடிந்தபோது முப்பதில் பதினோரு டிக்தான் விழுந்திருந்தது. இரண்டாவது பக்கத்தில் ஒரு பெயரைப் படித்தேன், பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் வீட்டுக்காரர் பெயர். 2014-இல் இறந்தவர். "நான்தானே எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பென்சிலை வாங்கி அவரே கோடு போட்டார். அப்புறம் விடிய இரண்டு மணி வரை பார்த்தோம்.

ஏன் பட்டியல் இப்படி இருக்கிறது என்பதை அடுத்த பத்து நாளில் படிப்படியாகத் தெரிந்துகொண்டோம். ஒன்று, இங்கே வாடகைக்கு இருப்பவர்கள்தான் அதிகம், பதினோரு மாத ஒப்பந்தம், இரண்டு வருடத்துக்கு ஒரு வீடு. பக்கத்துத் தெருவுக்கு மாறினாலும் ஓட்டு பழைய வீட்டிலேயே இருக்கும், அந்தத் தெரு வேறு வார்டாகவும் இருக்கலாம். எங்கள் பக்கம் ஒரு தெருவில் வலது கை வரிசை ஒரு வார்டு, இடது கை வரிசை இன்னொரு வார்டு. இரண்டு, சில வீட்டுக்காரர்கள் தங்கள் முகவரியில் குடித்தனக்காரர் பெயர் ஏறுவதை விரும்புவதில்லை, வீட்டுக்கு உரிமை கேட்பார்களோ என்று பயம். ஓட்டு வருவதால் வீடு போகாது என்று அக்கா ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார், சிலர் கேட்டுக்கொண்டார்கள். மூன்று, பழைய எண் புதிய எண் குழப்பம். பட்டியலில் ஒரே குடும்பத்தில் அப்பா பழைய எண்ணில், மகன் புதிய எண்ணில், மருமகள் இரண்டிலும். பூத் சிலிப்பைத் தூக்கிக்கொண்டு புதிய எண் பார்த்துப் போனால் அங்கே எலெக்ட்ரிக் கடை இருக்கும்.

நான்காவது காரணம்தான் என்னை ரொம்பப் பாதித்தது. கூவக் கரையில் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டு அந்த மக்களை ஊருக்கு வெளியே, முக்கியமாகப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு இடிந்துவிட்டது, ஓட்டு இங்கேயே நின்றுவிட்டது. பட்டியலில் பக்கம் பக்கமாக அந்தப் பெயர்கள், இல்லாத குடிசைகளின் கதவு எண்களோடு. இதில் இன்னொன்று இருக்கிறது, பெரும்பாக்கம் அப்போது சென்னை மாநகராட்சிக்குள்ளேயே இல்லை, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி. அங்கே ஓட்டை மாற்றிக்கொண்டால் கவுன்சிலருக்குப் பதிலாக ஊராட்சித் தலைவருக்கு ஓட்டுப் போட வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பட்டணத்தில் இருந்தவர்கள், மாற்றிக்கொள்ள மனசு வரவில்லை. கூலி வேலை, மீன் மார்க்கெட் வேலை, வீட்டு வேலை எல்லாம் இன்னும் இந்தப் பக்கம்தான். பஸ் ஏறி வருகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பெரும்பாக்கத்துக்கே போய் எட்டு மாடி ஏறி இறங்கினார். லிஃப்ட் அன்றைக்கு ஓடவில்லை. ஓட்டுக் கேட்கப் போனவர் முதல் வீட்டிலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார், ஏனென்றால் அவர்கள் அவரிடம் கேட்டது, "அக்கா, இட்லி இன்னும் அதே ருசியா இருக்கா?"

அதனால் சொல்கிறேன். 2027-இல் நிற்க நினைக்கிறவர் இப்போதே உங்கள் வார்டு பாகங்களை இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்து, இதே மாதிரி நான்கு குறி போட ஆரம்பியுங்கள். பெயர் இல்லாதவருக்குப் படிவம் 6, இறந்தவர் பெயரை எடுக்கப் படிவம் 7, வீடு மாறியவருக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. இறந்தவர் பெயரை நீக்கச் சொல்வது அந்தக் குடும்பத்துக்குக் கஷ்டமான காரியம், பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். மற்றவர்கள் பெயரை நீக்கச் சொல்லி நீங்களாகக் கட்டுக் கட்டாகப் படிவம் கொடுக்காதீர்கள். சேர்க்கிற வேலையைச் செய்யுங்கள், உங்கள் முகம் அந்த வீட்டுக்குப் பழகிவிடும். தேர்தல் நேரத்தில் போய் நின்றால் "இத்தனை நாள் எங்க இருந்தீங்க" என்று கேட்பார்கள். மனு எழுதிக் கொடுத்த வீட்டில் ஒருவரும் அக்காவிடம் அப்படிக் கேட்கவில்லை.

என்ன வாக்குறுதி கொடுப்பது என்பதில் அக்காவுக்கும் எனக்கும் சண்டையே வந்தது. சாக்கடை அடைப்பு, ரேஷன் கடை, பட்டா, குடிதண்ணீர் என்று நான் பத்து எழுதி வைத்தேன். அவர் தன் நோட்டை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக அடித்தார். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம், மழைநீர் வடிகால் மாநகராட்சி. இரண்டும் தரைக்குக் கீழேதான் ஓடுகிறது, இரண்டுக்கும் மூடி இருக்கிறது, ஆனால் கவுன்சிலர் உத்தரவு போடச் சொல்லிக் கேட்கக்கூடிய இடம் ஒன்றுதான். ரேஷன் வேறு துறை, பட்டா வருவாய்த் துறை. மிச்சம் நின்றது தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால், பொதுக் கழிப்பறை, மாநகராட்சிப் பள்ளி, பூங்கா, ஆரம்பச் சுகாதார மையம். இவ்வளவையும் தெருப் பெயரோடு, எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை என்பது வரைக்கும் எழுதினோம். மற்றதற்கு "மனு எழுதிக் கூடவே வருவேன்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் வீடுகளில் அதிகம் பேசினார்கள். செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். இந்தப் பகுதிகளில் பெண்கள்தான் எல்லா அலுவலகத்துக்கும் நடக்கிறார்கள், எது யார் கையில் இருக்கிறது என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வீட்டு வாசலில் வந்த கேள்விகளில் பாதி ஓட்டுப் போடும் முறை பற்றியது. 2011-இல் மேயருக்குத் தனியாக ஓட்டுப் போட்டிருந்தார்கள், இந்த முறை கவுன்சிலருக்கு மட்டும்தான், மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நோட்டா இருக்கிறதா என்று இளைஞர்கள் கேட்டார்கள், இல்லை. பணம் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு நாளில் எங்கள் வார்டில் பணம் கொடுத்தார்கள். யார் என்று நான் எழுதப்போவதில்லை. வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறவர்கள் அவர்கள். ஆனால் பணம் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களை மாதிரி அவர்களும் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள், எங்களுக்கு ஒரு வருடம் முன்னாலேயே பார்த்திருக்கிறார்கள்.

வாக்குப்பதிவு அன்று எங்களிடம் ஏஜென்டாக உட்கார இருந்தவர்கள் பதினோரு பேர்தான், எல்லா பூத்துக்கும் போதவில்லை. ஆள் குறைவாக இருந்தால் சிதறாதீர்கள், உங்களுக்கு முகம் தெரிந்த பாகங்களில் உட்காருங்கள். விடிவதற்கு முன்னால் போய்விட வேண்டும். மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, எல்லாச் சின்னத்துக்கும் ஓட்டு சரியாக விழுகிறதா என்று காட்டி, அதை அழித்துவிட்டுச் சீல் வைப்பார்கள். சீல் எண்ணைக் குறித்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். வீட்டிலிருந்தே சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள், வேறு வேட்பாளர் ஆள் தருவதை வாங்கிச் சாப்பிடாதீர்கள். முடிந்ததும் மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று எழுதித் தரும் தாளை வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. ஓட்டு எண்ணும் அன்று அந்த எண்ணும் சீல் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அதுதான் கையில் இருக்கும்.

எட்டு மணி இருக்கும். ஒரு ஆயா உள்ளே வந்தார், பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர், கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் அடையாள அட்டை, ரேஷன் அட்டை, ஆதார், எல்லாம். சிலிப் இல்லை, சிலிப் கொடுக்க வீடு இல்லையே. பாகம் எண் தெரியாததால் மூன்று பூத்தில் நின்றுவிட்டு நான்காவதாக எங்கள் பூத்துக்கு வந்திருந்தார். வரிசை எண்ணைத் தேடிய அலுவலருக்குக் கிடைக்கவில்லை. என் பென்சில் பட்டியலில் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன், வட்டம் போட்ட கட்டத்தில் இருந்தார். பெயரில் ஓர் எழுத்து தப்பு, வயதில் பத்து வருடம் குறைவு, அட்டை எண் சரி. எண்ணைச் சொன்னேன், எதிர்க் கட்சிக்காரர்களின் ஏஜென்ட்கள் இரண்டு பேரும் தலையாட்டினார்கள், ஒருவருக்கு அந்த ஆயாவை மீன் மார்க்கெட்டிலிருந்து தெரியும். விரலில் மை வைத்தார்கள். மறைப்புக்குள் போய் ரொம்ப நேரம் நின்றார். பீப் சத்தம் வந்ததும் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் மூச்சு விட்டோம். அவர் யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வெளியே போகும்போது விரலைத் தூக்கி என்னிடம் காட்டினார்.

சென்னையில் அன்றைக்கு 43.59 சதவீதம்தான் ஓட்டு. மாநிலம் முழுக்க நகர்ப்புறத் தேர்தலில் 60.70. படித்தவர்கள் வரவில்லை, சென்னைக்காரனுக்கு அக்கறை இல்லை என்று எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அது கோபமாக இருந்தது. வராதவர்கள் நிறையப் பேர் உண்மைதான். ஆனால் எங்கள் பாகத்தில் வராதவர்கள் பட்டியலில் அக்காவின் வீட்டுக்காரரும் இருக்கிறார். அதற்கு எனக்குப் பெரிய சாட்சி பின்னால் கிடைத்தது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலில் தீவிரத் திருத்தம் செய்தார்கள், டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாட்டில் 97 லட்சம் பெயர் இல்லை. சென்னை மாவட்டத்தின் 16 தொகுதிகளில் (மாநகராட்சி இதைவிடப் பெரியது) 40 லட்சமாக இருந்ததில் 14 லட்சத்துக்கு மேல் போய்விட்டது, பெரும்பாலும் வீடு மாறியவர்கள் என்று. அதில் தப்பாகப் போனவர்களும் இருக்கிறார்கள், எங்கள் தெருவில் இரண்டு குடும்பத்துக்கு மறுபடி எழுதிக் கொடுத்தோம். ஆக, உங்களிடம் 2022 பட்டியலோ 2024 பட்டியலோ இருந்தால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். புதிதாக வாங்கி, புதிதாக நடங்கள்.

ஓட்டு எண்ணிக்கை 22-ஆம் தேதி. நாங்கள் நாள் முழுக்க ஆகும் என்று நினைத்தோம், பதினோரு மணிக்கு முன்னாலேயே எங்கள் வார்டு முடிந்துவிட்டது. மூன்றாவது இடம், டெபாசிட் திரும்பவில்லை. 200 வார்டில் தி.மு.க. 153 வென்றது, சுயேச்சைகள் ஐந்து பேர்தான். அதை வைத்துப் பார்த்தால் எங்கள் முடிவில் ஆச்சரியம் இல்லை. ஆனால் எண்ணிக்கை பூத் பூத்தாகத்தான் வரும், ஒவ்வோர் இயந்திரத்தின் எண்ணையும் எழுதிக்கொண்டு வாருங்கள், அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. நாங்கள் பட்டியலைக் கடைசி வரை குறித்து, சிலிப்பைக் கையில் கொடுத்த நான்கு பாகத்தில் அக்காதான் முதல். பார்க்க நேரம் கிடைக்காத பாகங்களில் எங்களுக்கு விழுந்தவை பத்து, ஏழு, மூன்று. துண்டறிக்கை எல்லாப் பாகத்துக்கும் ஒரே மாதிரிதான் போயிருந்தது.

அக்கா அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தார். நோட்டு வேலையும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு முதல் முறையாக ஏரியா சபைக் கூட்டம் வைத்தார்கள், வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மக்களிடம் குறை கேட்கும் கூட்டம் அது. அக்கா போய்க் கம்பத்தின் எண்ணோடு மூன்று விளக்கு கேட்டார், ஜெயித்த கவுன்சிலர் மரியாதையாகவே குறித்துக்கொண்டார், இரண்டு வந்துவிட்டது. கவுன்சிலர் தேர்தலில் நிற்பதற்கு முன்னால் இந்தக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகுங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், எது நிற்கிறது என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும்.

2025 டிசம்பரில் அந்த ஆயா அதே பிளாஸ்டிக் பையோடு கடைக்கு வந்தார். வரைவுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இந்த முகவரியில் வீடு இல்லாதபோது யாரும் படிவம் கொண்டுவந்து தர வழியில்லை, அவர் குடியிருப்பதும் இங்கே இல்லை. பெரும்பாக்கத்தில் படிவம் 6 கொடுத்துப் புதிதாகச் சேர்வதுதான் வழி என்று அக்கா சொன்னார். ஆயா கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இங்கயே ஏதாவது பண்ண முடியாதாம்மா?" என்றார். முடியாது ஆயா என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை முடித்துவிட்டு அக்காவும் நானும் ஒரு கட்டுப் படிவத்தோடு பெரும்பாக்கம் போனோம். அன்றைக்கு லிஃப்ட் ஓடியது. சாயங்காலத்துக்குள் பதினாறு பேருக்கு எழுதி முடித்தோம், ஆயாவுக்குத்தான் முதலில் எழுதினோம். அவர்களில் ஒருவருக்கும் இனி எங்கள் வார்டில் ஓட்டு கிடையாது.